பட்டமும் படியும்: அமெரிக்க ஆசிரியர்களின் உயர்கல்வியும் ஊதியமும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆசிரியத் தொழில் மிகப் பழமையானது. ஆயின், அத்தொழிலைச் செய்வோர் அத்தொழிலையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு பல்கலைக்கழகமொன்றிற் பயின்று முதுமாணிப் பட்டமோ கலாநிதிப் பட்டமோ பெறுதல் என்பது அண்மைக்கால வழக்கேயாகும். இன்று உலகின் பல நாடுகளில் ஆசிரியர் ஒருவர் பதவியுயர்வையோ சம்பள ஏற்றத்தையோ நாடும்போது, கல்வியியலிற் பட்டப்பின் படிப்பொன்றை மேற்கொள்வது இயல்பான வழியாகக் கொள்ளப்படுகின்றது. இவ்வழி எவ்வாறு உருவாயிற்று? யாருடைய தேவையை முன்னிட்டு உருவாயிற்று? பட்டம் பெற்றவருக்கு அது நன்மை பயத்தது போலவே, அவரிடம் பயின்ற மாணாக்கருக்கும் நன்மை பயத்ததா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, இவ்வழக்கு மிக விரிவாக வேரூன்றிய ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

பயிற்சிப் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

அமெரிக்காவில் அரசினால் நடத்தப்பட்ட முதலாவது ஆசிரியர் பயிற்சிப் பாடசாலை 1839 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் லெக்சிங்ரன் நகரிலே தொடங்கப்பட்டது. அம்மாநிலக் கல்விச் சபையின் செயலாளராக விளங்கிய ஹோறஸ் மான் என்பாரின் முயற்சியே அதற்கு வித்தாகும். தொடக்க நாளில் அங்கு வந்து சேர்ந்த மாணவியர் மூவர் மாத்திரமே. எனினும் அச்சிறு தொடக்கம் விரைவில் நாடெங்கும் பரவிற்று. பொதுப் பாடசாலைகள் பெருகப் பெருக ஆசிரியர் தேவையும் பெருகியது. ஆண்களைவிடக் குறைந்த ஊதியத்துக்குப் பெண்களை அமர்த்தலாம் என்பதனாற் கல்விச் சபைகள் பெண்களையே பெரிதும் நாடின. இவ்வாறு ஆரம்பப் பாடசாலை ஆசிரியத் தொழில் பெண்களின் தொழிலாகவும், அதனாலேயே குறைந்த ஊதியமுடைய தொழிலாகவும் அமைந்தது.

பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் இத்துறையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1879 ஆம் ஆண்டில் மிச்சிக்கன் பல்கலைக்கழகம் கற்பித்தல் விஞ்ஞானத்துக்கும் கலைக்குமென நிரந்தரமான பேராசிரியர் பதவியொன்றை ஏற்படுத்தி, வில்லியம் பெயின் என்பவரை அதற்கு நியமித்தது ஒரு திருப்பமாகும். 1890 இல் நியூயோர்க் பல்கலைக்கழகம் கற்பித்தலியலுக்கெனத் தனிப் பீடமொன்றை நிறுவிற்று. இவற்றினும் பெரும் செல்வாக்குப் பெற்றது ஆசிரியர் கல்லூரியாகும். கிறேஸ் டொட்ஜ் என்ற பெண்மணியின் சமூகத் தொண்டிலிருந்து முளைத்து, 1887 இல் ஆசிரியர் பயிற்சி நிறுவனமாக உருப்பெற்ற இது, 1892 இல் ஆசிரியர் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 1897 முதல் 1927 வரை முப்பது ஆண்டுகள் அதன் பீடாதிபதியாக விளங்கிய யேம்ஸ் ஏர்ள் றசல், அதனை உலகம் அறிந்த உயர்கல்வி நிலையமாக வளர்த்தார். கற்றலின் உளவியலை அளவீட்டு முறையில் ஆராய்ந்த எட்வேட் தோண்டைக் 1899 இலும், கல்வித் தத்துவ அறிஞர் யோன் டூயி 1904 இலும் கொலம்பியாவை வந்தடைந்தனர்.

ஆயினும் மதிப்பு எளிதிற் கிட்டவில்லை. ஆசிரியர் கல்லூரியையும் கொலம்பியாவின் ஏனைய பீடங்களையும் பிரிக்கும் நூற்றிருபதாம் தெருவே உலகின் அகலமான தெரு என்று அந்நாளிற் கேலியாகக் கூறப்பட்டது. கலைப்பீடத்தார் கல்வியியலை ஒரு புலமைத்துறையாக ஏற்கத் தயங்கியமையை அக்கேலி நன்கு புலப்படுத்தும். இத்தயக்கத்துக்கு மாற்றாகவே ஹாவார்ட் பல்கலைக்கழகம் 1920 இற் கல்விக்கெனப் பட்டப்பின் பீடமொன்றை நிறுவிக் கல்விக் கலாநிதி என்னும் புதிய தொழில்சார் பட்டத்தை ஏற்படுத்தியது. ஹாவார்டிற் பெண்களைப் பட்டம் பெறும் மாணவராக முதன்முதல் அனுமதித்த பீடமும் இதுவே என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

வகுப்பறையும் அலுவலகமும்

இப்பட்டங்களை முதலில் தேடிச் சென்றோர் யாவர்? நகரங்களின் பாடசாலைத் தொகுதிகள் விரிவடைந்தபோது அவற்றை மேற்பார்வை செய்யும் அத்தியட்சர் பதவி பெருஞ் செல்வாக்குடையதாயிற்று. ஆசிரியர் கல்லூரியிற் கலாநிதிப் பட்டம் பெற்று, ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறையைக் கட்டியெழுப்பிய எல்வூட் கபேர்லி போன்றோர், பாடசாலை நிருவாகத்தைத் தனிப் பயிற்சி வேண்டும் ஒரு துறையாக வகுத்தனர். நிருவாகப் பதவியை விரும்பிய ஆண்களுக்குக் கல்வியியற் பட்டம் வகுப்பறையிலிருந்து அலுவலகத்துக்குச் செல்லும் வாயிலாயிற்று. கற்பித்தலை மேம்படுத்துவதற்கென எழுந்த பட்டம், கற்பித்தலை விட்டு நீங்குவதற்கு வழியாகவும் அமைந்த முரண்பாடு இங்கேயே தொடங்குகின்றது.

எனினும் இவ்வாயில் ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருந்துவிடவில்லை. எல்லா பிளாக் யங் என்னும் அம்மையாரின் வாழ்வு இதற்குச் சான்றாகும். 1845 இற் பிறந்த இவர் 1862 இல், தமது பதினேழாம் வயதிற் சிக்காகோ நகரில் ஆசிரியையானார். பயிற்சி வகுப்புக்களை நடத்தியும், அதிபராக இருந்தும், 1887 இல் மாவட்ட அத்தியட்சராக உயர்ந்தார். மேலதிகாரிகளின் போக்குடன் உடன்பட முடியாது 1899 இற் பதவி துறந்த அவர், ஐம்பது வயதைக் கடந்த நிலையிற் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் டூயியின் வழிகாட்டலில் ஆய்வு செய்து 1900 ஆம் ஆண்டிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பாடசாலை அமைப்பில் ஆசிரியர் தீர்மானம் எடுப்பதினின்றும் ஒதுக்கி வைக்கப்படுவதே அவருடைய ஆய்வின் பொருளாக அமைந்தது. 1909 இற் சிக்காகோ நகரின் கல்வி அத்தியட்சராக அவர் நியமிக்கப்பட்டபோது, அமெரிக்கப் பெருநகரொன்றில் அப்பதவியை வகித்த முதற் பெண்மணியானார். அவர் பெற்ற பட்டம் பதவிக்கு மட்டும் துணை செய்யவில்லை. தாம் நாற்பதாண்டுகளாக அனுபவித்து அறிந்ததற்கு ஒரு மொழியையும் அது அவருக்கு அளித்தது.

ஒரே சம்பளத் திட்டம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசிரியர் ஊதியம் ஒழுங்கற்றதாக இருந்தது. உயர்நிலைப் பாடசாலை ஆசிரியர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியரிலும் மிகுதியான ஊதியம் பெற்றார். ஆண் பெண்ணிலும் மிகுதியாகப் பெற்றார். உயர்நிலைப் பாடசாலைகளில் ஆண்கள் கணிசமாகவும் ஆரம்பப் பாடசாலைகளிற் பெண்கள் மிகப் பெரும்பான்மையாகவும் இருந்தமையால், இவ்விரு வேறுபாடுகளும் ஒன்றையொன்று வலுப்படுத்தின. இதற்கெதிராக ஆசிரியைகள் அமைப்புரீதியாகத் திரண்டனர். 1897 இல் தோன்றிய சிக்காகோ ஆசிரியர் சம்மேளனமும், நியூயோர்க் ஆசிரியைகளின் சங்கமும் இவ்வகையில் முன்னின்றன. நீண்ட கிளர்ச்சியின் பயனாக 1911 இல் நியூயோர்க்கிற் சம வேதனச் சட்டம் நிறைவேறிற்று.

இவ்வியக்கத்தின் தொடர்ச்சியாகவே 1921 ஆம் ஆண்டில் டென்வர், டி மொயின் ஆகிய இரு நகரங்களும் ஒரே சம்பளத் திட்டத்தை ஏற்றுக்கொண்டன. இத்திட்டத்தின்படி, ஆசிரியர் ஆணா பெண்ணா, எந்த வகுப்புக்குக் கற்பிக்கின்றார் என்பவை கருத்திற் கொள்ளப்படமாட்டா. அவர் பெற்ற கல்வித் தகைமை யாது, எத்தனை ஆண்டுகள் சேவையாற்றியுள்ளார் என்னும் இரண்டுமே ஊதியத்தைத் தீர்மானிக்கும். பாலர் வகுப்பு ஆசிரியை ஒருவர் முதுமாணிப் பட்டம் பெற்றால், உயர்நிலைப் பாடசாலையில் அதே தகைமையும் சேவைக்காலமும் உடைய ஆண் ஆசிரியருக்கு இணையான ஊதியத்தைப் பெறுவார்.

இதன் முக்கியத்துவம் இக்காலத்தவருக்கு எளிதிற் புலப்படாது. மேலதிகாரியின் விருப்பு வெறுப்பு, அரசியற் செல்வாக்கு, பால் வேற்றுமை ஆகியவற்றுக்கு இடங்கொடாத அளவுகோல் ஒன்று ஆசிரியர்க்குத் தேவைப்பட்டது. பட்டம் அத்தகைய அளவுகோலாயிற்று. அது யாவரும் காணக்கூடியது. ஒருமுறை பெற்றபின் எவராலும் பறிக்க முடியாதது. கோடை விடுமுறைகளில் ஆயிரக்கணக்கான ஆசிரியர் பல்கலைக்கழகங்களை நோக்கிச் சென்றனர். ஆண்டு முழுவதும் கற்பித்தவர், விடுமுறையில் தாம் மாணவராயினர். சில கோடைகளைத் தொடர்ந்து இவ்வாறு கழித்தோர் முதுமாணிப் பட்டத்துடன் தம் ஊர் திரும்பினர். தேசிய கல்விச் சங்கம் ஒரே சம்பளத் திட்டத்தை ஆதரித்து நின்றமையால், 1950 அளவில் அது நாட்டின் மிகப் பெரும்பாலான பாடசாலைத் தொகுதிகளின் வழக்காயிற்று.

நிறவேற்றுமையும் தகைமையும்

தென் மாநிலங்களில் இக்கதை வேறொரு வடிவம் கொண்டது. அங்கு வெள்ளையர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் பாடசாலைகள் வேறு. ஆசிரியர் சம்பளத் திட்டங்களும் வேறு. வேர்ஜீனியா மாநிலத்தின் நோபோக் நகரில் இரசாயனம் கற்பித்த அலைன் பிளாக் என்னும் ஆசிரியை பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் முதுமாணிப் பட்டதாரி. சம ஊதியம் கோரி 1939 இல் அவர் வழக்குத் தொடுத்தபோது, கல்விச் சபை அவரது சேவை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவரிடத்தில் அதே பாடசாலையைச் சேர்ந்த மெல்வின் அல்ஸ்ரன் முன்வந்தார். அவர் பெற்ற ஆண்டுச் சம்பளம் 921 டொலர். அதே தகைமையும் அனுபவமும் உடைய வெள்ளையின ஆசிரியருக்கு வழங்கப்பட்டது 1200 டொலர். 1940 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம், இவ்வேறுபாடு அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. தகைமை சமமாயின் ஊதியமும் சமமாதல் வேண்டும் என்னும் வாதத்துக்கு மறுப்புக் கூற இயலாதவாறு செய்தது ஆசிரியரின் பட்டமே எனலாம்.

ஆனால் அளவுகோலிற் கறுப்பின ஆசிரியர் உயர்ந்து நின்றபோது அளவுகோலே மாற்றப்பட்டது. தென் கரோலினா 1945 இல் தேசிய ஆசிரியர் பரீட்சையின் புள்ளிகளைச் சம்பளத்துடன் இணைத்தது. நிறத்தைக் கூறாமலே சம்பள வேறுபாட்டைப் பேணுவதற்கு அது வழியமைத்தது.

பட்டத்தைப் பெறுவதற்கான வழியும் அடைக்கப்பட்டிருந்தது. தென் மாநிலப் பல்கலைக்கழகங்கள் கறுப்பினத்தவரைப் பட்டப்பின் படிப்புக்கு அனுமதிப்பதில்லை. தம் எல்லைக்குள் அவர்களைச் சேர்ப்பதைத் தவிர்ப்பதற்காக வெளிமாநிலங்களிற் படிப்பதற்குப் பணவுதவி வழங்கிய மாநிலங்களும் உண்டு. இதனாற் கறுப்பின ஆசிரியர் பலர் கோடைதோறும் நெடுந்தூரம் பயணஞ் செய்து நியூயோர்க் ஆசிரியர் கல்லூரியை அடைந்தனர்.

இத்தடை தகர்ந்த வரலாற்றிலும் கல்வியியற் பட்டமே நடுநாயகமாக விளங்குகின்றது. ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த யோர்ஜ் மக்லோறின், ஓய்வுபெற்ற கறுப்பினப் பேராசிரியர். அறுபது வயதைக் கடந்தவர். கல்வியியலிற் கலாநிதிப் பட்டம் பெற விரும்பி 1948 இல் ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். நீதிமன்றத்தின் தலையீட்டினால் அவருக்கு அனுமதி கிடைத்தது. ஆயின் வகுப்பறைக்கு அடுத்த சிற்றறையொன்றில் இருந்தபடியே அவர் விரிவுரை கேட்க வேண்டியிருந்தது. நூலகத்தின் வாசிப்பு மண்டபத்தில் அவர் அமர முடியாது; மேல்தட்டில் ஒதுக்கப்பட்ட மேசையே அவருக்குரியது. உணவுச்சாலையிலும் அவருக்கு வேறு நேரமும் வேறு மேசையும் குறிக்கப்பட்டிருந்தன. 1950 யூன் 5 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் இக்கட்டுப்பாடுகளை ஏகமனதாக நிராகரித்தது. பிறரைப் பயிற்றும் தலைமைக்குத் தம்மை ஆயத்தம் செய்யும் ஒருவரின் கல்வி குறைபடுமாயின், அவரிடம் கற்கப்போவோரின் கல்வியும் குறைபடும் என்ற கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. ஆசிரியரின் கல்வி அவருக்கு மட்டும் உரியதன்று என்பதனை அது உணர்த்திற்று. நான்காண்டுகளின் பின் பாடசாலைகளில் நிறப்பிரிவினையை நீக்கிய பெருந்தீர்ப்புக்கு இதுவும் ஒரு படிக்கல்லாயிற்று.

செப்டிமா கிளாக்கின் இரு பாடங்கள்

இவ்வரலாற்றின் பெருமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் வாழ்வு செப்டிமா கிளாக் என்னும் ஆசிரியையினுடையது. தென் கரோலினாவின் சாள்ஸ்ரன் நகரில் 1898 இல், அடிமையாகப் பிறந்த தந்தையொருவரின் மகளாக இவர் தோன்றினார். 1916 இல் அருகிலுள்ள யோன்ஸ் தீவிற் கற்பிக்கத் தொடங்கினார். அங்கு அவரும் இன்னோர் ஆசிரியையும் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கவனித்தனர். அவருடைய மாதச் சம்பளம் 35 டொலர். அண்மையிலிருந்த வெள்ளையர் பாடசாலையில் மூன்று பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியைக்கு 85 டொலர் வழங்கப்பட்டது.

செப்டிமா பல்லாண்டுகள் வேலை செய்துகொண்டே படித்தார். 1930 இன் கோடையில் நியூயோர்க் சென்று பயின்றார். 1942 இற் கலைமாணிப் பட்டத்தையும், 1946 இல், நாற்பத்தெட்டாம் வயதில், ஹம்ரன் நிறுவனத்தில் முதுமாணிப் பட்டத்தையும் பெற்றார். சம ஊதியத்துக்கான வழக்கிலும் அவர் உழைத்தார். அவ்வழக்கு வெற்றி பெற்றமையாலும், பெற்ற பட்டங்களாலும் அவருடைய சம்பளம் சில மடங்கு உயர்ந்தது. பட்டத்தின் பயனை அவரினும் நன்கு அறிந்தோர் இலர்.

ஆயினும் 1956 இல், கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தில் அரச ஊழியர் அங்கத்துவம் வகித்தலாகாது எனத் தென் கரோலினா சட்டம் இயற்றியது. செப்டிமா தமது அங்கத்துவத்தை மறைக்க மறுத்தார். நாற்பதாண்டுச் சேவையின் பின் வேலை பறிபோயிற்று. ஓய்வூதிய உரிமையும் பறிபோயிற்று. படியேறிப் பெற்ற அனைத்தும் ஒரு கடிதத்துடன் முடிவுற்றன.

அவருடைய மிகப்பெரும் பணி அதன் பின்னரே முழுமை பெற்றது. தென் மாநிலங்களில் வாக்காளராகப் பதிவு செய்ய எழுத்தறிவு வேண்டப்பட்டது. எழுத்தறியாத முதியோர்க்கென 1957 இன் தொடக்கத்தில் யோன்ஸ் தீவிற் குடியுரிமைப் பாடசாலை தொடங்கியது. தீவின் மக்கள் தலைவர் ஈசோ யெங்கின்சும் செப்டிமாவும் அதனைத் திட்டமிட்டனர். அதன் முதல் ஆசிரியையாக அமர்த்தப்பட்டவர் செப்டிமாவின் உறவினரான பேர்னிஸ் றொபின்சன். அவர் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்லர். சிகை அலங்காரத் தொழில் செய்தவர். பயிற்றப்பட்ட ஆசிரியர் முதியோரைச் சிறுபிள்ளைகளைப் போல் நடத்திவிடுவர் என்ற அச்சத்தினாலேயே அவர் விரும்பித் தெரிவு செய்யப்பட்டார். அவர் பாடநூலை முன்வைக்கவில்லை. கற்க வந்தோரிடம் எதைக் கற்க விரும்புகின்றனர் என்று கேட்டார். தம் பெயரை எழுதவும், கடிதம் வாசிக்கவும், பணக்கட்டளைப் படிவத்தை நிரப்பவும் அவர்கள் விரும்பினர். அவையே பாடங்களாயின.

பட்டத்தின் பொருட்டு முப்பதாண்டு உழைத்த ஒருவரே, பட்டமில்லாத ஒருவரை அவ்வகுப்புக்கு உரியவரெனக் கண்டார். இதனைப் பட்டத்தை இகழ்ந்த செயலாகக் கொள்ளுதல் தவறு. பட்டம் எதனைத் தரும், எதனைத் தராது என்னும் தெளிவே அது. அவருடைய ஓய்வூதியம் 1976 இலேயே மீள வழங்கப்பட்டது. அவர் 1987 இற் காலமானார்.

அளவுகோல் ஐயத்துக்குள்ளாதல்

1961 இல் அமெரிக்கப் பொதுப் பாடசாலை ஆசிரியருள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினரே முதுமாணிப் பட்டம் உடையோராயிருந்தனர். 1981 இல் அது ஏறக்குறைய அரைப்பங்காயிற்று. பட்டம் பெருகிய இக்காலத்திலேயே அதன் பயன் பற்றிய வினாவும் எழுந்தது. பொருளியலாளர் எரிக் ஹனுஷெக் 1986 இல் வெளியிட்ட மீளாய்வில், ஆசிரியரின் மேலதிகப் பட்டத்துக்கும் மாணவரின் அடைவுக்குமிடையே சீரான தொடர்பு காணப்படவில்லை எனக் காட்டினார். 1997 இற் கோல்ட்ஹேபர், புறூவர் ஆகியோர் செய்த ஆய்வு இதனை மேலும் நுணுக்கமாக்கிற்று. கணித ஆசிரியர் கணிதத்திற் பெற்ற பட்டம் மாணவரின் கணித அடைவுக்குத் துணை செய்தது. பாடத்தோடு தொடர்பற்ற பட்டம் அவ்வாறு துணை செய்யவில்லை.

காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சம்பளத் திட்டம் பட்டத்தின் பெயரை நோக்கிற்றேயன்றி, அதன் பொருளை நோக்கவில்லை. எத்துறையிற் பெற்றதாயினும் சம்பள ஏற்றம் ஒன்றே. ஆதலின் எளிதானதும் அண்மையிலுள்ளதுமான படிப்பை நாடுதல் ஆசிரியருக்கு இலாபமாயிற்று. அத்தகைய படிப்பை வழங்குதல் பல்கலைக்கழகங்களுக்கு வருவாயாயிற்று. நேர்மைக்கென ஏற்பட்ட அளவுகோல் தரத்துக்கான அளவுகோலாகத் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டது.

2013 இல் வட கரோலினா மாநிலம் புதிய ஆசிரியருக்கு முதுமாணிப் பட்டத்துக்கான மேலதிகக் கொடுப்பனவை நிறுத்தியது. ஒரே சம்பளத் திட்டத்தின் பிறப்பிடங்களில் ஒன்றான டென்வரிலும், 2005 இல் வாக்காளரின் ஒப்புதலுடன் செயற்றிறனைச் சார்ந்த புதிய ஊதிய முறை ஏற்கப்பட்டது. ஆனால் அதன் ஊக்கத் தொகைகள் ஆண்டுக்காண்டு மாறியமையால், தம் சம்பளம் எவ்வளவு என்பதையே முன்கூட்டி அறிய முடியவில்லை என ஆசிரியர் முறையிட்டனர். 2019 பெப்ரவரியில் அவர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் முடிவில் எட்டப்பட்ட உடன்பாடு, கல்வித் தகைமையும் சேவைக்காலமும் சார்ந்த தெளிவான சம்பளப் படிகளை மீண்டும் முதன்மைப்படுத்திற்று. தொண்ணூற்றெட்டு ஆண்டுகளின் பின் அந்நகர ஆசிரியர் தம் முன்னோர் வேண்டியதையே வேண்டினர்.

முடிவுரை

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கல்வியியற் பட்டப்பின் படிப்பு இருவேறு பணிகளை ஆற்றி வந்துள்ளமை தெளிவாகும். ஒன்று, பாரபட்சத்துக்கு எதிரான அரணாக நிற்றல். மற்றொன்று, கற்பித்தலின் அறிவை வளர்த்தல். முதற் பணியை அது பெரும்பாலும் நிறைவேற்றியது. டென்வரின் ஆரம்பப் பாடசாலை ஆசிரியைகளும் நோபோக்கின் கறுப்பின ஆசிரியரும் அதனால் உயர்ந்தனர். இரண்டாவது பணியை, படித்தது வகுப்பறையுடன் பொருந்திய இடத்து மாத்திரமே அது நிறைவேற்றியது. முதற் பணியை மறந்து பட்டத்தைப் பயனற்றதென ஒதுக்குவோரும், இரண்டாவதை மறந்து பட்டமே போதுமென்போரும் வரலாற்றின் பாதியையே கண்டவராவர்.

ஈழத்து வாசகருக்கும் இது அந்நியமான கதையன்று. பாடசாலை முடிந்து, வார இறுதி விரிவுரைகளுக்காகப் பேருந்தேறிச் சென்று, இரவில் விளக்கின் கீழ் ஆய்வுக் கட்டுரை எழுதும் ஆசிரியர் இந்நாட்டிலும் உளர். அவர் நாடும் சம்பள ஏற்றம் இழிவானதன்று. அதனைக் கேட்கும் உரிமைக்காகவே பலர் வழக்காடியும் வேலையிழந்தும் உள்ளனர். ஆயின் திங்கட்கிழமை காலையில் அவர் மீண்டும் நுழையும் வகுப்பறையில், முன்வாங்கிற் காத்திருக்கும் பிள்ளைக்கு அப்பட்டத்தினால் யாது கிடைத்தது என்னும் வினா, எந்தச் சம்பளத் திட்டத்தாலும் விடையளிக்க முடியாதது. அவ்வினாவை ஆசிரியரே தம்மிடம் கேட்டுக்கொள்ளும்போதுதான் பட்டம் கல்வியாகின்றது.